லயம் வரைக்கும் வருமா அந்தப் பணம்?

காலை பத்து மணிக்குக் கூட்டம் என்றால் கொழுந்தெடுக்கிற பெண் வரமாட்டாள். அந்த நேரத்தில் அவள் மலையில் நிற்பாள். விடியக் காலையில் பிரட்டில் பேர் கொடுத்து, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு ஏறியவள், காலை நிறுவைக்கும் பகல் நிறுவைக்கும் நடுவில் மழைக்கும் அட்டைக்கும் ஈடுகொடுத்து நிற்கிற நேரம் அது. பதினெட்டோ இருபதோ, தோட்டம் கேட்கிற கிலோ சேர்ந்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் அரைப்பேர். பின்னேர நிறுவை முடிந்து, பிள்ளைக் காம்பராவிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு இறங்கினால் தண்ணீர், விறகு, அடுப்பு, மூத்தவளின் பாடசாலை உடுப்பு. அவள் காலை நீட்டி உட்காரும்போது இரவு எட்டு மணி தாண்டியிருக்கும்.

அவளுடைய பேரைச் சொல்லி வருகிற பணத்தைப் பற்றிய கூட்டங்களோ அலுவலக நேரத்தில் நடக்கின்றன. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு மண்டபம், தேத்தண்ணி, பிஸ்கட், பின்னால் ஒரு பதாகை. ஒரு நாள் பேர் போனால் என்ன ஆகும் என்று அழைப்பவர் யோசிப்பதில்லை. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவான அடிப்படை நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, அதற்கு மேல் நாளுக்கு 200 ரூபா வரவு ஊக்கத்தொகையை அரசாங்கமே தருவதாக 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அறிவித்தார். வரவுக்கென்று தனிக்காசு வந்தால், வராத நாளின் இழப்பும் கூடுகிறது. பெண்கள் வலுவூட்டல் செயலமர்வுக்குப் போகும் பெண் அந்த வலுவூட்டலுக்குத் தன் கையிலிருந்து காசு கட்டுகிறாள்.

இலங்கையின் மலையகத்துக்கு மானியம் புதிதல்ல. எவ்வளவு வந்தது என்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அது யாருடைய நேரத்துக்கு, யாருடைய மொழியில், யாருடைய கையெழுத்துக்குக் கீழே வந்து இறங்கியது என்று கேட்டால் பேச்சு குறைந்துவிடுகிறது.

அரசு நுழையாத வாசல்

தோட்டத்துக்குள் மானியம் இவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்ததற்கு ஒரு காரணம் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபையின் பணத்தைச் செலவிட முடியாதபடி தடையாக நின்றது. வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவுசெய்யலாம், ஆனால் அந்த உறுப்பினரால் லயத்துக்கு முன்னால் ஒரு தெருவிளக்கைப் போட முடியாது. தோட்டம் கம்பனியின் பொறுப்பு என்று சபை சொல்லும். கம்பனி, இலாபம் இல்லை என்று சொல்லும். 1948இல் மலையக மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட குடியுரிமை, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆளுக்கு ஆள் பங்குபோடப்பட்டு, எஞ்சியவர்களுக்கு 2003இன் சட்டத்தில்தான் முழுமையாகத் தீர்ந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். 33ஆம் பிரிவின் கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதை 2018இல்தான் திருத்தினார்கள். அதுவரை முப்பது வருடம் அந்த வெற்றிடத்தை நிரப்பியது வெளிநாட்டுத் தூதரகங்கள், மிஷன்கள், தொண்டு நிறுவனங்கள், தேயிலை வாங்குகிறவர்களின் தர்மசிந்தனை.

நிரப்பியது போதவில்லை என்பதை எண்கள் சொல்கின்றன. 2016இன் சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17.3 சதவீதம், தோட்டத்துறையில் 31.7 சதவீதம். 2019இன் வீட்டு வருமான, செலவின ஆய்வில் வறுமை நாட்டுக்கு 14.3 சதவீதமாகவும் தோட்டத்துக்கு 33.8 சதவீதமாகவும் இருந்தது. அதற்குப் பிறகுதான் 2021இன் இரசாயன உரத் தடையும் 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் வந்தன.

ஆனாலும் பழைய மானியங்களில் ஒன்றைத் தனியாக எடுத்துப் பேசத்தான் வேண்டும். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பிறகு, எண்பதுகளில் சுவீடனின் ‘சீடா’ நிறுவனம் அந்தப் பாடசாலைகளின் அபிவிருத்திக்குப் பணம் தந்தது. அதை ஒட்டி ஜேர்மனியின் உதவியோடு கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. ஒரு அறைக்குள் ஐந்து வகுப்பும் ஒரு வாத்தியாருமாக இருந்த காலத்தில், லயத்திலிருந்து படித்து வந்த பிள்ளைகளையே ஆசிரியர்களாக்குவது அதன் நோக்கம். அங்கே பயிற்சி பெற்று வந்த பெண்கள் இன்று மலையகப் பாடசாலைகளில் அதிபர்களாகவும் ஆசிரிய ஆலோசகர்களாகவும் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் பெறும் ஒரு மகள் இருக்கிற லயத்தில் அடுத்த தலைமுறைப் பெண் பிள்ளையை யாரும் அவ்வளவு சுலபமாகக் கொழும்பு வீட்டு வேலைக்கு அனுப்ப மாட்டார்கள்.

அந்த மானியத்துக்குப் பெண்கள் வலுவூட்டல் என்று யாரும் பேர் வைக்கவில்லை. அது பலன் தர ஒரு தலைமுறை எடுத்தது. இன்று மலைக்கு ஏறுகிற மானியங்களில் பெரும்பாலானவற்றின் ஆயுள் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு.

யார் தருகிறார்கள்?

பெண்களும் சிறுமியரும் முன்னெடுக்கும் சிறு முயற்சிகளுக்கென்றே பணம் தரும் இடங்கள் இன்று சில உண்டு. 2004இல் தெற்காசியப் பெண்கள் நிதியமாகத் தொடங்கி, இப்போது விமன்ஸ் ஃபண்ட் ஏசியா என்று பேர் பெற்றிருக்கும் அமைப்புக்குக் கொழும்புதான் தலைமையிடம். நீலன் திருச்செல்வத்தின் பேரால் இயங்கும் நம்பிக்கை நிதியம் நம் நாட்டிலேயே வேர்விட்ட மானிய நிறுவனம். கனடாத் தூதரகத்தின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியம், அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், ஜப்பானின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு மானியம் ஆகியவை தூதரகங்கள் வழியே வருபவை. உலகக் கணக்கில் இவை சின்னத் தொகைகள். பணக்கார நாடுகள் தரும் அபிவிருத்தி உதவியில் பெண்கள் உரிமை அமைப்புகளைச் சென்றடைவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் கணக்கே காட்டுகிறது.

தோட்டத்துக்கு மட்டும் உரிய ஒரு பணம் இன்னொன்று இருக்கிறது. ஃபெயர்ட்ரேட் சான்றிதழ் பெற்ற தோட்டங்களின் தேயிலையை வாங்குகிறவர்கள், விலைக்கு மேல் ஒரு தொகையை ‘பிரீமியம்’ என்று தருகிறார்கள். அதை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுப்பது தொழிலாளர்கள் தெரிவுசெய்த ஒரு குழு. விண்ணப்பம் இல்லை, தூதரகம் இல்லை, கொழுந்தெடுத்தவளே உரிமைக்காரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சான்றிதழ் உள்ள தோட்டங்கள் கொஞ்சம். அந்தத் தோட்டங்களிலும் ஃபெயர்ட்ரேட் என்ற பேரில் விற்கப்பட்ட தேயிலைக்குத்தான் பிரீமியம், மற்றதெல்லாம் சாதாரண விலைக்குப் போகும். குழுக் கூட்டத்தில் நிர்வாகத்தின் ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெண் எவ்வளவு தூரம் வாய் திறப்பாள் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். இத்தனை குறை சொன்னாலும், பணத்துக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஏற்பாடு அது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

பதினைந்து பெண்களும் ஒரு கோப்பும்

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு தோட்டத்தின் மேற்கணக்கில், அதாவது மேல் டிவிஷனில், பதினைந்து பெண்கள் சேர்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. உயர்தர வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளைகள் பின்னேர வகுப்பு முடிந்து வரும் பாதையில் நாலு விளக்கு, அவர்கள் உட்கார்ந்து படிக்க மூடிக்கிடக்கும் ஒரு பழைய கட்டடத்தைத் திருத்தித் தருவது. யாரோ ஒருவர் இதற்கு மானியம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்.

முதலில் அவர்கள் ஒரு சங்கமாக வேண்டும். சங்கத்துக்கு யாப்பு எழுத வேண்டும். தலைவி, செயலாளர், பொருளாளர். பிரதேச செயலகத்தில் பதிவு. செயலகம் திறந்திருப்பது அவர்கள் மலையில் நிற்கும் நேரத்தில். மூன்று பெண்கள் மூன்று நாள் போய்வந்தால் ஒன்பது நாள் பேர் போகிறது, பஸ் காசு தனி. பிறகு வங்கிக் கணக்கு. வங்கி அடையாள அட்டை கேட்கும், முகவரிக்கு அத்தாட்சி கேட்கும். லயத்துக்கு ஏது தனி முகவரி? வாசலுக்கு இலக்கம் இல்லாத இடத்தில் கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை கிடக்கும். நேர்முகத் தேர்வுக் கடிதம் பிந்திக் கிடைத்து வேலையை இழந்த கதை மலையகத்தில் பல வீடுகளில் உண்டு.

பிறகு கட்டடம். அது தோட்டத்தின் கட்டடம். நிலம் அரசுடையது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு வந்தபின், குத்தகை கம்பனியுடையது. ஆகவே துரையின், அதாவது தோட்ட மேலாளரின், கடிதம் வேண்டும். துரை நல்லவராக இருக்கலாம். ஆனால் இந்தச் சங்கம் நாளைக்குத் தொழிற்சங்கமாகிவிடுமோ என்ற யோசனை அவருக்கு இருக்கும். ஏற்கெனவே உள்ள தொழிற்சங்கங்களின் தோட்டத் தலைவர்களுக்கும் அதே யோசனை இருக்கும், வேறு திசையிலிருந்து. இரு தரப்பும் ஒரே நேரத்தில் சந்தேகப்படுவது பதினைந்து பெண்கள் சேர்ந்து உட்காரும்போதுதான்.

இதற்கெல்லாம் பிறகு விண்ணப்பம். கனடா நிதியத்துக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுத வேண்டும். பல நிதியங்கள் முந்திய வருடங்களின் கணக்காய்வு அறிக்கையைக் கேட்கும். போன மாதம் பிறந்த சங்கத்துக்குக் கணக்காய்வு எங்கிருந்து வரும்? நோக்கம், குறிக்கோள், வெளியீடு, விளைவு, குறிகாட்டி என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ‘பிள்ளைகள் இருட்டில் பயப்படாமல் வர வேண்டும்’ என்பது எந்தக் கட்டத்துக்குள் போகும் என்று அவர்களுக்குத் தெரியாது. சாமான் வாங்க மூன்று கடைகளின் விலைமனு வேண்டும். தோட்டத்தை ஒட்டிய டவுனில் இருப்பதே ஒரு ஹார்ட்வெயார் கடையாக இருக்கலாம். அங்கே கேட்டால் துண்டுக் காகிதத்தில் பில் எழுதித் தருவார்கள்.

ஆகவே இடையில் ஒரு தொண்டு நிறுவனம் வருகிறது. ஆங்கிலம் எழுத ஆள், கணக்காய்வு, வங்கிக் கணக்கு, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. இடைத்தரகர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. கண்டியின் சத்தியோதயம், சமூக அபிவிருத்தி நிறுவனம், ஹட்டனின் பிரிடோ போன்றவை பல வருடங்களாகத் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கியவை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, குடியுரிமைக் கடிதம் என்று அவர்கள் வாங்கிக்கொடுத்த காகிதங்களில்தான் பலருடைய உரிமை நிற்கிறது. ஆனால் பணம் நிறுவனத்தின் கணக்குக்கு வந்து, திட்ட உத்தியோகத்தர் சம்பளம், வாகனம், அறிக்கை, பதாகை என்று இறங்கி, நாலு விளக்கு இரண்டாகி, பழைய கட்டடம் மூன்று நாள் ‘தலைமைத்துவப் பயிற்சி’யாக மாறி அந்தப் பதினைந்து பேரிடம் வந்துசேரும்போது, தாங்கள் கேட்டது இதுதானா என்று அவர்கள் யோசிப்பதில் தப்பில்லை.

இதற்கு மருந்து பெரிய இரகசியமில்லை. விண்ணப்பத்தைத் தமிழில் இரண்டு பக்கத்தில் வாங்கலாம். கைத்தொலைபேசியில் குரல் பதிவாக வாங்கினாலும் குடிமூழ்கிவிடாது. முதல் தவணைச் சிறுதொகைக்குக் கணக்காய்வு வேண்டாம், கொப்பியில் எழுதிய வரவு செலவு போதும் என்று சொல்லலாம். பஸ் காசையும் போன பேரையும் செலவுத் தலைப்பாக ஏற்றுக்கொள்ளலாம். இந்தக் கடைசி ஒன்றைத் தருகிறவர்கள் ஏற்றாலே பாதி வழி திறந்துவிடும்.

கடன் வந்து மானியத்தின் இடத்தில் உட்கார்ந்த கதை

மானியம் சுற்றிச் சுற்றி வர, லயத்து வாசலுக்கு நேராக வந்தது நுண்கடன். கையெழுத்துப் போட்டால் இரண்டு நாளில் காசு. ஆங்கிலம் வேண்டாம், யாப்பு வேண்டாம், துரையின் கடிதம் வேண்டாம். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். வேண்டியதெல்லாம் வாராவாரம் வட்டி. நாடெங்கும் பெண்கள் இந்தக் கடனில் சிக்கி, 2021இல் ஹிங்குராக்கொடையில் சத்தியாக்கிரகம் இருக்கும் அளவுக்கு அது போனது. தோட்டங்களில் தவணை வசூலிக்க வருகிறவர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு மேலே போய் நிற்கும் பெண்களைப் பார்ப்பது அதிசயமில்லை. மானியம், கடன் இரண்டையும் பெண்கள் வலுவூட்டல் என்ற ஒரே பேரில் விற்றதுதான் அநியாயம்.

தோட்டத்துப் பெண்களுக்குக் காசைச் சேர்த்து ஆளத் தெரியாது என்று யாராவது சொன்னால் அவர் சீட்டுக் கட்டியதில்லை. மாதச் சீட்டை யாருக்கு முதலில் கொடுப்பது, கல்யாணம் வைத்திருக்கிறவளுக்கு விட்டுக்கொடுப்பதா, ஏமாற்றினவளை என்ன செய்வது என்பதெல்லாம் எழுதாத சட்டமாக அவர்களிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, இந்தச் சீட்டுப் பழக்கத்தைப் போன்ற ஒன்றைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள்: முதலில் சேமிப்பு, பிறகு சுழல்நிதி, அதற்குப் பிறகே வங்கி. மலையகத்தில் வரிசை தலைகீழாகப் போனது. இங்கே முதலில் வந்தது கடன்.

தையல் மெஷினுக்கு ஒரு வார்த்தை

மலையகத்தில் பெண்களுக்கான திட்டம் என்றால் தையல் மெஷின், அழகுக்கலை, கேக் ஐசிங், காளான் வளர்ப்பு. சிலருக்கு அது வாழ்க்கையைத் தந்திருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு இரவில் இன்னொரு வேலையைக் கொடுப்பதற்கு என்ன பேர் என்பதுதான் என் கேள்வி. அவளுக்குக் குறைவாக இருப்பது வேலை அல்ல. வீட்டு வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் கணவனும், மலையிலே கழிப்பறையும், மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகையும், நேரம் பிந்தினாலும் திறந்திருக்கும் பிள்ளைக் காம்பராவும் குறைவாக இருக்கின்றன.

சிறுமியர் பக்கம் போனால் பட்டியல் வேறு. 2024இல் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளையும் தோட்டப் பாடசாலைகளையும் சேர்த்து, நாடெங்கும் 8 லட்சம் மாணவியருக்கு அணையாடை வாங்க ஆளுக்கு 1,200 ரூபா வவுச்சர் தரும் திட்டத்தை அரசாங்கம் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் பாடசாலைக் கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டால் வவுச்சர் என்ன செய்யும்? அந்தக் குழாயைப் போடுவது யாருடைய திட்டத்திலும் கவர்ச்சியான படமாக வராது.

2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமியொருத்தி, தான் வேலைக்கிருந்த கொழும்பு அரசியல்வாதியொருவரின் வீட்டில் தீக்காயமடைந்து வைத்தியசாலையில் இறந்தாள். நாடே கொதித்தது. ஊர்வலங்கள் போயின, அறிக்கைகள் வந்தன. அதற்கு முன்பே வீட்டுப் பணிப்பெண்களைத் தொழிற்சங்கமாகச் சேர்க்கும் வேலையைச் செங்கொடிச் சங்கத்துப் பெண்கள் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சங்கத்தின் பொதுச் செயலாளரான மேனகா கந்தசாமி, தோட்டத் தொழிற்சங்கமொன்றின் தலைமைக்கு வந்த முதல் பெண். வீட்டுக்குள் மறைந்திருக்கும் தொழிலாளியைத் தேடிப்போய்ச் சங்கத்தில் சேர்ப்பது ஒரு வருடத்தில் ‘வெளியீடு’ காட்டக்கூடிய வேலையல்ல. கூலி கொடுத்து ஒரு அமைப்பாளரை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும், அவருக்குப் பஸ் காசும் தொலைபேசிக் கட்டணமும் தர வேண்டும். திட்டப் பணத்தில் இது கிடைக்காது. அமைப்பு உயிரோடிருப்பதற்கென்று தரும் பொதுநிதியில்தான் கிடைக்கும். பெண்கள் நிதியங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அப்படிப்பட்ட பணத்தைத் தரத் தொடங்கியிருப்பதை நல்ல திருப்பமாகவே பார்க்கிறேன்.

காசு இல்லாமல் வென்றவை

தோட்டத் தொழிற்சங்க முன்னோடியான தன் கணவர் நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டாலேயே தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சியம்மாளுக்கு யாரும் மானியம் தரவில்லை. 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தபோதும் அப்படித்தான். அதற்கு முன்னால் அதே தோட்டத்தில், அதே நாளில், பெண்ணின் பேருக்குக் குறைந்த காசு எழுதப்பட்டது. அந்தக் காசையும் கணவனோ தகப்பனோ போய் வாங்கிவருவது வழக்கமாக இருந்தது.

இன்னும் அண்மைக்கு வரலாம். 2015 செப்டெம்பரில் கேரளத்து மூணாறில், தமிழ் பேசும் கொழுந்துப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பேரில் தெருவில் உட்கார்ந்தார்கள். கேட்டது 20 சதவீத போனஸ். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. கம்பனி இறங்கிவந்து 20 சதவீதத்தை, போனசும் கருணைத் தொகையுமாகச் சேர்த்துக் கொடுத்தது. அங்கே எந்த நிதியமும் இல்லை, எந்தச் செயலமர்வும் இல்லை. பிறகு அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை, கட்சிகள் உடைத்தன, தேர்தல் உடைத்தது. போராட்டத்தைக் காசு உண்டாக்காது. போராட்டம் முடிந்த மறுநாள் சங்கத்தின் வாடகை கட்ட, சட்டத்தரணியைப் பிடிக்க, கூட்டத்துக்கு வந்தவளின் பிள்ளையைப் பார்க்க ஆள் வைக்கக் காசு வேண்டும். அந்த மறுநாளுக்குப் பணம் தர வருகிறவர்கள் அரிது.

சபையின் பட்ஜெட்

இப்போது நிலைமை ஒரு விதத்தில் மாறியிருக்கிறது. 33ஆம் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. நுவரெலியா மாவட்டத்தில் நோர்வுட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை என்று புதிய பிரதேச சபைகள் வந்துவிட்டன. உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீதம் பெண்கள் என்ற சட்டம் 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்து, 2025 மே தேர்தலிலும் தொடர்ந்தது. 2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண் ஒருத்தி அந்த வாசலை மிதிக்க, வாக்குரிமை வந்த 1931இலிருந்து கணக்குப் பார்த்தால் தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதே 2024இல் பெண்கள் வலுவூட்டல் சட்டமும் நிறைவேறி, தேசிய பெண்கள் ஆணைக்குழுவுக்கு வழி வந்தது.

ஆகவே, தோட்டத்துப் பாதைக்கு விளக்குப் போட ஒரு தூதரகத்தை எதிர்பார்த்திருக்க வேண்டிய காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. விளக்கு சபையின் கடமை. சபையின் வரவு செலவுத் திட்டம் எப்போது தயாராகிறது, தங்கள் டிவிஷனுக்கு அதில் என்ன இருக்கிறது, இல்லையென்றால் யாரிடம் கேட்பது என்று அந்தப் பதினைந்து பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒதுக்கீட்டில் சபைக்கு வந்த பெண் உறுப்பினர்களில் பலர் கட்சிப் பட்டியலை நிரப்பக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கணக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் கதை வேறு. ஒரு சிறிய மானியம் இப்படிப்பட்ட இடத்தில் விழுந்தால், அதைவிடப் பல மடங்கு அரசுப் பணத்தை வருடாவருடம் லயத்துக்கு இறக்கும். நாலு விளக்குக்கான காசைவிட, நாலு விளக்கைக் கேட்டு வாங்கும் வழிக்கான காசு நீண்ட நாள் நிற்கும். தருகிறவர்களின் பதாகைக்குத்தான் அதில் இடமில்லை.

இதை நான் சொல்லும் நேரமும் சாதாரண நேரமல்ல. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. ஜூலையில் யூஎஸ்எயிட் நிறுவனமே மூடப்பட்டது. இலங்கையில் அந்தப் பணத்தை நம்பியிருந்த பல அமைப்புகள் ஆட்களைக் குறைத்தன. அந்த வருட முடிவில் டிட்வா புயல் வந்தது. நவம்பர் கடைசியில் நுவரெலியா, பதுளை, கண்டி மலைகள் சரிந்தன. நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உதவிப் பணம் மறுபடியும் மலையேறுகிறது, இந்த முறை வேகமாக.

வேகமாக வரும் பணம் பட்டியலைப் பார்த்துத்தான் கொடுக்கப்படும். பட்டியலில் வீட்டுக்காரர் என்று யாரை எழுதுவது? லயத்துக் காம்பராவுக்கு உறுதி இல்லை. அது தோட்டத்தின் சொத்து. அதில் இருக்கும் உரிமை, அந்தக் குடும்பத்தில் யாராவது தோட்டத்தில் பேர் போடும்வரைதான். பல வீடுகளில் இன்றைக்குப் பேர் போடுவது பெண் மட்டுமே. ஆண் கொழும்பிலோ வத்தளையிலோ கடைச் சிப்பந்தியாக இருப்பான். ஆனால் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவனுடைய பேர்தான் இருக்கும். புதிய இடத்தில் காணித் துண்டு கொடுத்து, உறுதி எழுதும்போது அந்தப் பழைய பட்டியலைப் பார்த்து எழுதினால், இருபது வருடம் கொழுந்தெடுத்து அந்தக் கூரையைத் தாங்கியவளின் பேர் காகிதத்தில் வராது. இருவர் பேரிலும் எழுதச் சொல்லிக் கேட்க, பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள் அவள் போக வேண்டும். அந்த ஒரு நாள் பேரை யார் கொடுப்பது என்று மானியம் தருகிறவர்களிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.